பெட்டியில் வந்த விண்டோஸ், போர்டில் வந்த விண்டோஸ்

கேள்வி: துறையூரில் டைப்பிங், டிடிபி, ஜிஎஸ்டி தாக்கல் என்று சின்னதாக ஒரு சென்டர் நடத்துகிறேன். இரண்டு கணினிகள் இருக்கின்றன. ஒன்று 2017இல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப், ஐ3 ஏழாம் தலைமுறை. அதற்கு அப்போதே விண்டோஸ் 10 ப்ரோவைப் பெட்டியோடு தனியாகக் காசு கொடுத்து வாங்கினேன். உள்ளே இருந்த பென்டிரைவும் கீ அச்சிட்ட கார்டும் பத்திரமாக இருக்கின்றன. இன்னொன்று 2018இல் வாங்கிய பிராண்டு லேப்டாப், ஐ5 எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 10 ஹோம் அதிலேயே வந்தது. இப்போது லேப்டாப்பின் திரை பாதி கறுத்துவிட்டது. டெஸ்க்டாப் ஓடுகிறது, ஆனால் மிகவும் மெதுவாக. இரண்டுக்கும் பதிலாகப் புதிதாக இரண்டு கணினி அசெம்பிள் செய்யலாம் என்று இருக்கிறேன். பழைய இரண்டிலும் உள்ள விண்டோஸைப் புதியவற்றுக்கு மாற்ற முடியுமா? கடைக்காரர், “ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி இதில் மாட்டினால் விண்டோஸும் கூடவே வந்துவிடும்” என்கிறார். இன்னொருவர் 600 ரூபாய்க்குக் கீ தருவதாகச் சொல்கிறார். பழைய டெஸ்க்டாப்பை ஒன்பதாவது படிக்கும் தம்பி மகனுக்குக் கொடுக்க ஆசை. என்ன செய்யலாம்?

பதில்:

வணக்கம் சகோதரி.

டெஸ்க்டாப்பில் இருக்கும் விண்டோஸைப் புதிய கணினிக்குக் கொண்டுபோகலாம். லேப்டாப்பில் இருப்பதைக் கொண்டுபோக முடியாது. கேட்டதற்கு நேரான பதில் இவ்வளவுதான். ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தபின் எனக்கு வேறொன்று தோன்றியது. உங்களுக்கு இரண்டு புதிய கணினி தேவையே இல்லை, ஒன்று போதும். ஏன் என்று லேப்டாப்பைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன். அதுவரை ஒரு வேண்டுகோள். பழைய டெஸ்க்டாப்பை யாரும் பார்மட் செய்ய விடாதீர்கள், திருகாணியில் கைவைக்கவும் விடாதீர்கள். அது ஓடும்போது ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடக்கூடிய சில விவரங்களைக் கழற்றிப் போட்டபின் எங்கே தேடினாலும் எடுக்க முடியாது. இந்தத் தொழிலில் என்னிடம் வரும் லைசென்ஸ் சிக்கல்களில் பெரும்பாலானவை, “சார், டிஸ்க்கை நேற்றே பார்மட் பண்ணிட்டோம்” என்ற வார்த்தையோடுதான் வருகின்றன.

விண்டோஸ் வாங்கினேன் என்று எல்லாரும் சொல்கிறோம். நாம் காசு கொடுப்பது அதை ஒரு கணினியில் பயன்படுத்திக்கொள்ளும் உரிமத்துக்கு. அந்த உரிமத்தின் அடையாள எண்தான் கீ, அதை மைக்ரோசாஃப்ட் சர்வரிடம் காட்டி உறுதி செய்வதுதான் ஆக்டிவேஷன். அந்த உரிமம் எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கடையில் பெட்டியாகத் தனியே வாங்கினால் அது ரீட்டெய்ல் உரிமம், வாங்கிய ஆளோடு போகும். கணினியோடு சேர்ந்தே வந்தால் அது ஓஇஎம் உரிமம். அந்த இயந்திரம் இருக்கும்வரை இருக்கும், அதோடு முடியும். மூன்றாவதாக, கம்பெனிகளும் கல்லூரிகளும் மொத்தமாக எடுக்கும் வால்யூம் உரிமம் ஒன்று உண்டு. அது அந்த நிறுவனத்துக்குத்தான் சொந்தம், வெளியாளுக்கு விற்க முடியாது. உங்கள் 600 ரூபாய்க் கீயைப் பற்றிப் பேசும்போது இந்த மூன்றாவது வகை திரும்ப வரும்.

உங்கள் டெஸ்க்டாப்பில் இருப்பது ரீட்டெய்ல் என்றுதான் கடிதத்தைப் பார்த்தால் தெரிகிறது. பெட்டி, உள்ளே பென்டிரைவ், கார்டு எல்லாம் ரீட்டெய்லின் அடையாளங்கள். அதே காலத்தில் அசெம்பிள் கடைகளில் இன்னொரு வகையும் ஓடியது. அட்டை உறைக்குள் ஒரு டிவிடி, கூடவே கேபினெட்டில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர், விலையும் குறைவு. அதுவும் அசல்தான், பில்லும் இருக்கும். ஆனால் அது ஓஇஎம். முதலில் எந்த மதர்போர்டில் ஏற்றினார்களோ அதோடு சரி. பலர் அதையும் “பெட்டி விண்டோஸ்” என்றே சொல்வார்கள். அதனால் கண்ணால் பார்த்ததோடு விடாமல் கணினியிடமே கேட்டுவிடுங்கள்.

போனில் சொல்வதைப் போலவே எழுத்து எழுத்தாகச் சொல்கிறேன். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, சி (C), எம் (M), டி (D) என்று அடியுங்கள். கறுப்புப் பெட்டிப் படத்தோடு கமாண்ட் ப்ராம்ப்ட் வரும். அதன்மேல் வலது க்ளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். இப்போது ஆங்கிலத்தில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்று ஐந்து எழுத்தையும் சேர்த்து அடியுங்கள். ஓர் இடம் விடுங்கள். பிறகு கேள்விக்குறி இருக்கும் பட்டனில் ஷிஃப்ட் இல்லாமல் வரும் சாய்கோடு, அதை ஒட்டி டி (D), எல் (L), ஐ (I). என்டர் தட்டுங்கள். மெதுவான கணினி என்பதால் பத்து, இருபது நொடி ஒன்றும் நடக்காது. திரும்பத் திரும்பத் தட்டாமல் காத்திருங்கள். சின்னதாக ஒரு சன்னல் எழும்.

அதில் இரண்டு வரிகளைப் பாருங்கள். விவரிப்பு வரியின் கடைசியில் ரீட்டெய்ல் சேனல் என்று இருக்க வேண்டும். அதற்குக் கீழே கீயின் கடைசி ஐந்து எழுத்துகள் மட்டும் காட்டப்படும். உங்கள் கார்டை எடுத்து அதன் கடைசி ஐந்து எழுத்துகளோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், அந்தக் கார்டின் உரிமத்தில்தான் இந்தக் கணினி ஓடுகிறது.

ஒப்பிடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரீட்டெய்ல் சேனல் என்ற சொல்லை மட்டும் நம்பி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விண்டோஸ் 7 ஓஇஎம் இருந்த கணினிகளை 2015 ஜூலையிலிருந்து ஓராண்டு இலவசமாக விண்டோஸ் 10க்கு மேம்படுத்தினார்கள் அல்லவா, அவற்றில் எல்லாருக்கும் பொதுவான ஒரு கீதான் உட்காரும். அதுவும் ரீட்டெய்ல் சேனல் என்றே காட்டும். ப்ரோவாக இருந்தால் அந்தப் பொதுக் கீ 3, வி (V), 6, 6, டி (T) என்று முடியும். உங்கள் திரையில் இந்த ஐந்து வந்தால் பதற வேண்டாம். டிஜிட்டல் உரிமத்தில், அதாவது மைக்ரோசாஃப்ட் சர்வர் இந்தக் கணினியையே அடையாளம் வைத்துக்கொண்டு தரும் உரிமத்தில் ஓடுகிறது என்றுதான் அதற்குப் பொருள், கார்டு உங்கள் கையில் இருக்கும்வரை இழப்பில்லை. ஆனால் கேஎம்எஸ் கிளையன்ட் என்ற சொல் வந்தால், இடையில் யாரோ சர்வீஸ் செய்தபோது உங்கள் அசல் விண்டோஸை அழித்துவிட்டுத் திருட்டு ஆக்டிவேட்டர் போட்டு ஏற்றியிருக்கிறார் என்று அர்த்தம். அசல் கீ வைத்திருக்கிறவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் இப்படிச் செய்யும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கும். அப்படியே நடந்திருந்தாலும் உங்கள் உரிமம் கார்டில் உயிரோடுதான் இருக்கிறது.

இன்னொன்றும் பாருங்கள். செட்டிங்ஸில் அப்டேட் பகுதிக்குள் ஆக்டிவேஷன் என்று ஒரு பக்கம் இருக்கிறது. டிஜிட்டல் உரிமம் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று அங்கே எழுதியிருக்கும். இணைக்கவில்லை என்றால் உங்கள் சொந்த மின்னஞ்சலில் ஒரு கணக்கு தொடங்கி, அதே பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். சென்டரில் வேலை பார்க்கும் பெண்ணின் மின்னஞ்சலோ கடைக்காரருடைய மின்னஞ்சலோ வேண்டாம். அவர்கள் வேலையை விட்டுப் போனபின் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லைத் தேடி அலைந்தவர்கள் பலர்.

இப்போது மாற்றும் வேலை. பலர் நினைப்பதுபோல விண்டோஸில் “இந்தக் கணினியிலிருந்து விடுவி” என்று ஒரு பட்டன் கிடையாது. உரிம ஒப்பந்தம் சொல்வது இவ்வளவுதான்: தனியாக வாங்கிய விண்டோஸை உங்களுடைய இன்னொரு கணினிக்கு மாற்றலாம், ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பழைய கணினியிலிருந்து நீக்கிவிட வேண்டும், ஒரே உரிமத்தை இரண்டு கணினிகள் பங்குபோட்டுக்கொள்ளக் கூடாது. நீக்குவது நம் பொறுப்பு, யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. பார்க்கவில்லை என்பதற்காக இரண்டிலும் ஓட்டாதீர்கள். இரண்டாவது கணினி ஆக்டிவேட் ஆகும்போது சர்வர் மறுக்கலாம், அப்போது உண்மையான உரிமம் வைத்திருக்கும் நீங்கள்தான் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

வரிசை முக்கியம். புதிய கணினி அசெம்பிள் ஆகி, இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்து, ரேமோ எஸ்எஸ்டியோ தொந்தரவு செய்யவில்லை என்று உறுதியானபின்தான் பழையதில் கைவைக்க வேண்டும். ஜிஎஸ்டி தாக்கலின் கடைசித் தேதி வரும் வாரத்தில் இதைத் தொடங்கவே தொடங்காதீர்கள். புதியதில் விண்டோஸ் ஏற்றும்போது கீ கேட்டால், “என்னிடம் கீ இல்லை” என்பதைத் தேர்ந்தெடுத்து, பதிப்புப் பட்டியலில் ப்ரோவை எடுங்கள். ஆக்டிவேட் செய்யாமலே சில நாள் ஓடும். தவறிப்போய் ஹோம் ஏற்றிவிட்டாலும் பயமில்லை. ப்ரோ கீயைக் கொடுத்தால் அது ப்ரோவாக மாறிக்கொள்ளும். ஆனால் ஹோம் கீயால் ப்ரோ ஒருநாளும் ஆக்டிவேட் ஆகாது.

ஏற்ற வேண்டியது விண்டோஸ் 11. விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றன. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு கொடுத்திருக்கிறார்கள். கார்டில் விண்டோஸ் 10 ப்ரோ என்றுதானே இருக்கிறது, 11க்கு எடுக்குமா என்று கேட்பீர்கள். எடுக்கும். பதிப்பு ஒன்றாக இருந்தால், அதாவது ப்ரோவுக்கு ப்ரோ என்றால், 10இன் கீ 11இலும் செல்லும். 2023 செப்டம்பரில் நிறுத்தியது விண்டோஸ் 7, 8 கீகளைப் புதிய நிறுவலுக்கு ஏற்றுக்கொள்வதைத்தான். “பழைய கீ எதுவும் இனிச் செல்லாது” என்று சில கடைகளில் சொல்வது இந்தச் செய்தி பாதி காதில் விழுந்ததால் வந்தது.

பழைய டெஸ்க்டாப்பிலிருந்து எடுக்க வேண்டியவற்றை எடுத்துவிட்டீர்களா என்று இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். விண்டோஸ் போனால் காசு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். உங்கள் தொழிலுக்கு அதைவிட முக்கியமானவை உள்ளே இருக்கின்றன. முதலில் கணக்கு எழுதும் டேலி மென்பொருள். அதன் உரிமமும் அந்தக் கணினியோடு கட்டப்பட்டிருக்கும். பார்மட் செய்வதற்கு முன் டேலியைத் திறந்து, உதவி மெனுவில் செட்டிங்ஸுக்குள் இருக்கும் லைசென்ஸ் பகுதிக்குப் போய், சரண்டர் கொடுத்துவிட வேண்டும். அதன்பின் புதிய கணினியில் ஆக்டிவேட் செய்வது இரண்டு நிமிட வேலை. அடுத்தது எழுத்துருக்கள். டிடிபி சென்டரில் பாமினி தொடங்கி எத்தனையோ ஆண்டுகளாகச் சேர்த்த தமிழ் எழுத்துருக்கள் இருக்கும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக பென்டிரைவில் நகல் எடுங்கள். வாடிக்கையாளர் நாலு வருடம் முன்பு அடித்த கல்யாணப் பத்திரிகையைத் திரும்பக் கேட்டு வரும்போது கோப்பு திறக்கும், எழுத்து மட்டும் கட்டம் கட்டமாக நிற்கும். அந்த நேரத்தில்தான் இதன் அருமை தெரியும். எம்எஸ் ஆபீஸ் இருந்தால் அது தனி உரிமம், விண்டோஸோடு சேர்ந்து வராது. எந்த மின்னஞ்சலில் வாங்கினீர்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் எடுத்தாயிற்றா? பழையதில் அதே கறுப்புச் சன்னலைத் திறந்து, அதே ஐந்து எழுத்து, ஓர் இடம், சாய்கோடு, அதை ஒட்டி யு (U), பி (P), கே (K) என்று அடித்து என்டர் தட்டுங்கள். கீ வெற்றிகரமாக நீக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். இது சர்வருக்குத் தகவல் அனுப்புவதில்லை, இந்தக் கணினியிலிருந்து கீயைக் கழற்றுவது மட்டும்தான். அதனால் பிறகு டிஸ்க்கையும் முழுதாக அழித்துவிட வேண்டும்.

புதியதில் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று போய், கீயை மாற்று என்பதைத் தட்டி, கார்டில் உள்ள 25 எழுத்துகளையும் அடியுங்கள். பி (B) எழுத்தா எட்டா என்று குழப்பம் வந்தால் கார்டை போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பெரும்பாலும் இந்த இடத்திலேயே வேலை முடிந்துவிடும்.

முடியாமலும் போகலாம். சி004சி008 என்று முடியும் பிழை எண் வந்தால், இந்தக் கீ ஏற்கெனவே வேறு கணினியில் இருக்கிறது என்று சர்வர் நினைக்கிறது. கீ செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கறுப்புச் சன்னலில் எஸ், எல், யு, ஐ என்று சேர்த்து அடித்து, ஓர் இடம் விட்டு 4 என்று போட்டால் நாட்டைத் தேர்ந்தெடுக்கும் பக்கம் வரும். இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால் ஓர் எண்ணும், ஒன்பது கட்டங்களில் ஏழு ஏழு இலக்கமாக மொத்தம் 63 இலக்கங்களும் காட்டும். போன் வழியாகவோ, அது திருப்பிவிடும் இணையப் பக்கம் வழியாகவோ அந்த 63ஐயும் கொடுத்தால் பதிலுக்கு 48 இலக்கங்கள் தருவார்கள். அதை எட்டுக் கட்டங்களில் நிரப்ப வேண்டும். இடையில், இந்த விண்டோஸ் எத்தனை கணினிகளில் இருக்கிறது என்று கேட்பார்கள். நீங்கள் பழையதில் நீக்கிவிட்டீர்கள் அல்லவா, ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம். இந்த ஒரு கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்ல முடிவதற்காகத்தான் வரிசை முக்கியம் என்று அவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

கடைக்காரர் சொன்ன டிஸ்க் யோசனைக்கு வருகிறேன். டிஸ்க்கில் இருப்பது விண்டோஸின் கோப்புகள்தான். உரிமம் அடையாளம் வைத்திருப்பது கணினியின் வன்பொருளை, அதிலும் முக்கியமாக மதர்போர்டை. டிஸ்க்கை வேறு போர்டில் மாட்டினால் சில நேரம் விண்டோஸ் எழுந்துவிடும், ஆனால் ஆக்டிவேஷன் போய்விட்டிருக்கும். உங்கள் விஷயத்தில் எழுவதே சந்தேகம். 2017இல் பல அசெம்பிள் கணினிகளில் டிஸ்க்கைப் பழைய எம்பிஆர் முறையில் பிரித்துத்தான் விண்டோஸ் ஏற்றினார்கள். புதிய போர்டுகள் யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில், ஜிபிடி என்று வேறு விதமாகப் பிரித்த டிஸ்க்கைத்தான் எதிர்பார்க்கின்றன. மாட்டினால் விண்டோஸ் எழாமல், போர்டின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பயாஸ் திரையில் போய் நிற்கும். அதோடு ஒன்பது வருடக் குப்பையும் பழைய டிரைவர்களும் புதிய கணினிக்கு ஏன் வர வேண்டும்? பழைய டிஸ்க் பேக்கப்புக்கு மட்டும் பயன்படட்டும். புதியதில் எஸ்எஸ்டி போட்டுச் சுத்தமாக ஏற்றச் சொல்லுங்கள்.

இனி லேப்டாப். 2012இல் விண்டோஸ் 8 வந்த காலத்திலிருந்து பிராண்டு கணினிகளில் கீயை மதர்போர்டின் சிப்பிலேயே எழுதி அனுப்புகிறார்கள். அதனால்தான் உங்கள் லேப்டாப்பின் அடியில் கீ ஸ்டிக்கர் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்தக் கீயைப் படித்துக் காட்டும் மென்பொருள்கள் இருக்கின்றன. சிலர் அப்படி எடுத்து வேறு கணினியில் போட்டுத் தருவதும் உண்டு, சில நேரம் ஆக்டிவேட்டும் ஆகிவிடும். ஆக்டிவேட் ஆவதும் உரிமம் இருப்பதும் ஒன்றல்ல. ஒப்பந்தப்படி லேப்டாப்பை விற்றாலோ கொடுத்தாலோ உரிமம் அதோடுதான் போகும், தனியே பிரியாது. நீங்கள் பில் போட்டுத் தொழில் நடத்துகிறவர். உங்களுக்கு அந்த வழி வேண்டாம்.

ஆனால் நீங்கள் சொன்ன விவரத்தைப் பாருங்கள்: எட்டாம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 11க்கு இன்டெல் கணினிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. உங்கள் டெஸ்க்டாப் ஒரே ஒரு தலைமுறையில் தவறிவிட்டது, லேப்டாப் உள்ளே வந்துவிட்டது. திரைதான் போயிருக்கிறது. மதர்போர்டும் அதிலிருக்கும் உரிமமும் நன்றாகத்தான் இருக்கின்றன. டெஸ்க்டாப்பின் பழைய மானிட்டரை லேப்டாப்பின் எச்டிஎம்ஐ துளையில் மாட்டுங்கள். மானிட்டரில் பழைய நீல நிற விஜிஏ கேபிள்தான் என்றால், எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் சின்ன அடாப்டர் சில நூறு ரூபாய்க்கு எந்தக் கடையிலும் கிடைக்கும். விண்டோஸ் படம் போட்ட பட்டனோடு பி (P) எழுத்தைச் சேர்த்து அழுத்தினால் நான்கு தேர்வுகள் வரும். இரண்டாவது திரை மட்டும் என்பதைக் கொடுங்கள். கீபோர்டும் மவுஸும் வெளியே மாட்டிக்கொண்டால் அது ஒரு டெஸ்க்டாப் போலவே வேலை செய்யும். விண்டோஸ் 11க்கு இலவசமாகவே மேம்படுத்தலாம். ரேம் 4 ஜிபிதான் இருக்கிறது என்றால் 8 ஆக்குங்கள், உள்ளே சுழலும் டிஸ்க் இருந்தால் எஸ்எஸ்டியாக மாற்றுங்கள். ஒரு புதிய கணினியின் விலையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ குறைவு, இரண்டாவது விண்டோஸும் வாங்க வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகள். லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு அடிப்பாகம் உப்பியிருக்கிறதா, டச்பேடு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் பேட்டரி வீங்கிவிட்டது. அதைக் கழற்றாமல் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். அடுத்தது, டிஸ்க் மாற்றுவதற்கு முன் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில், டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்புக் கீ இருக்கிறதா என்று பார்த்து எழுதி வையுங்கள். 48 இலக்கம் கொண்டது அது. பல லேப்டாப்புகளில் நமக்குத் தெரியாமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டிக் கோப்புகளை எடுக்கப் போகும்போது அந்த 48 இலக்கம் இல்லையென்றால் எவராலும் திறக்க முடியாது. மூன்று மாதக் கணக்குகளை இப்படி இழந்த ஒரு ஆடிட்டர் அலுவலகத்தைப் பார்த்தேன். டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது, எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

600 ரூபாய்க் கீயை வாங்காதீர்கள். அசல் ரீட்டெய்ல் விண்டோஸ் ப்ரோவின் விலை பல ஆயிரம். 600க்குக் கிடைப்பது பெரும்பாலும் ஏதோ ஒரு நிறுவனத்தின் வால்யூம் கீ. இத்தனை கணினி என்று எண்ணிக்கை வைத்துக் கொடுத்ததைச் சில்லறையாகப் பிரித்து விற்கிறார்கள். இன்று ஆக்டிவேட் ஆகும், அதை வைத்துத்தான் “பாருங்கள், அசல்” என்பார்கள். கீ முடக்கப்படும் நாளில் திரையின் வலது கீழ் மூலையில் ஆக்டிவேட் செய்யுங்கள் என்று வெளிறிய எழுத்து வந்து உட்காரும். ஒரு டியூஷன் சென்டரில் ஆறு கணினிகளுக்கு இப்படி வாங்கினார்கள். நான்கு மாதத்தில் ஆறிலும் அந்த எழுத்து. விற்றவர் போனை எடுக்கவில்லை. கடைசியில் முழு விலை கொடுத்து வாங்கினார்கள், முதலில் கொடுத்த காசு போனதுதான். ஆக்டிவேட்டர் மென்பொருள் இதைவிட மோசம். அதை ஓட்டுவதற்கு முன் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டி கடவுச்சொற்கள், பான், ஆதார் நகல்கள் எல்லாம் இருக்கும் கணினியில், காவலைக் கொஞ்ச நேரம் எடுத்துவிட்டு முகம் தெரியாத ஒருவரின் நிரலை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட விடலாமா?

தம்பி மகனுக்கு அந்த டெஸ்க்டாப்பைத் தாராளமாகக் கொடுங்கள். உரிமம் உங்களோடு வந்துவிட்டதால் அதில் விண்டோஸ் இருக்கக் கூடாது. இருந்தாலும் 11 ஏறாது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடுங்கள், இலவசம். கீ கிடையாது, ஆக்டிவேஷன் கிடையாது. ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி மட்டும் வாங்கி மாட்டினால், மெதுவாக ஓடுகிறது என்று நீங்கள் சலித்துக்கொண்ட அதே கணினி ஒரு நிமிடத்துக்குள் எழுந்து நிற்கும். எம்எஸ் ஆபீஸ் போன்ற லிப்ரே ஆபீஸ் கூடவே வரும், நிரல் எழுதிப் பழக பைத்தானும் அதிலேயே இருக்கும். தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளலாம், நீங்களே உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். லினக்ஸ் என்றதும் தம்பி தயங்கினால், நம் அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்ததை நினைவுபடுத்துங்கள். மானிட்டரை நீங்கள் லேப்டாப்புக்கு எடுத்துக்கொள்வதால் அவனுக்குத் திரை வேண்டும். தம்பி வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ இருந்தால் இப்போதைக்கு அதுவே போதும்.

வாங்கும் ஒரு புதிய கணினிக்குப் பில் கேட்கும்போது மொத்தமாக ஒரு தொகை போடாமல் மதர்போர்டு, ப்ராசஸர், ரேம், எஸ்எஸ்டி என்று தனித்தனி வரியாக, சீரியல் எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். விண்டோஸ் என்ற வரி அதில் இருக்கக் கூடாது, அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. “எல்லாம் போட்டுத் தருகிறோம்” என்று கடையில் சொன்னால், விண்டோஸ் ஏற்றாமல் வெறும் கணினியாகத் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். 2017 பில்லையும் கார்டையும் இந்தப் புதிய பில்லோடு ஒரே உறையில் வையுங்கள்.

அந்தச் சின்னச் சன்னலில் கார்டோடு பொருந்தாத ஐந்து எழுத்துகள் வந்தாலோ, ஆக்டிவேட் செய்யும்போது வேறு பிழை எண் வந்தாலோ, அதை அப்படியே எழுதி அனுப்புங்கள். முழுக் கீயை மட்டும் யாருக்கும் அனுப்ப வேண்டாம், எனக்கும்கூட. கடைசி ஐந்து எழுத்து போதும்.